ஹோட்டல்களுக்கு அப்பால் ஜெஃப்ரி பாவா: வாசகர் கேள்வி – பதில்

இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கண்டலம ஹோட்டலைப் பற்றியும் கோட்டே நாடாளுமன்றக் கட்டடத்தைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் பெரும்பாலானவை, அதிகம் பேசப்படாத அவருடைய பிற கட்டடங்களைப் பற்றியே கேட்கின்றன. எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: குடும்பத்துடன் ஒரு வாரம் இலங்கை செல்லவிருக்கிறோம். பாவா கட்டிய ஹோட்டல்களில் அறை எடுத்துத் தங்கும் அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லை. அவர் கட்டியவற்றுள், எங்களைப் போன்றவர்கள் உள்ளே போய் நிதானமாகச் சுற்றிப் பார்க்கக்கூடியது எது? ஒன்றை மட்டும் சொன்னால் போதும்.
– வாசகர், திருச்சி

பதில்: ஒன்றை மட்டும் என்றால், சற்றும் தயங்காமல் மாத்தறையில் உள்ள ருகுண பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். 1980-க்கும் 1988-க்கும் இடையில் கட்டப்பட்ட இந்த வளாகம், பாவாவின் பணிகளுள் பரப்பளவில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்தும், சுற்றுலா வழிகாட்டிகள் அதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கல்லூரிக் கட்டடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மாத்தறை நகருக்குக் கிழக்கே, வெல்லமடம என்ற இடத்தில், தென்கடலைப் பார்த்தபடி நிற்கும் செங்குத்தான குன்றுகளில் இந்த வளாகம் அமைந்திருக்கிறது. இத்தகைய நிலத்தைக் கொடுத்தால், குன்றின் தலையைச் சீவிச் சமன்படுத்திவிட்டு, நான்கு மாடியில் ஒரே பெரிய கட்டடமாக எழுப்பிவிடுவதுதான் அரசுப் பணிகளின் வழக்கம். பாவா அப்படிச் செய்யவில்லை. வளாகத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு சிறு கட்டடங்களாகப் பிரித்து, சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே அவற்றை இறக்கி வைத்தார். கட்டடங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கான சட்டகத்தில், திசை மாறாமல் நிற்கின்றன. ஆனால் அவற்றுக்கு அடியில் உள்ள நிலம் தன் விருப்பத்துக்கு ஏறியும் இறங்கியும் போவதால், இரண்டு முற்றங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கூரை வேய்ந்த நடைபாதைகளும் படிக்கட்டுகளும் கட்டடங்களை இணைக்கின்றன. மாணவர்கள் மழையில் நனையாமல் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போக வேண்டும் என்ற தேவைக்காகப் போட்ட பாதைகள்தான் அவை. எனினும், வளாகத்தின் அழகு முழுவதும் அந்தப் பாதைகளில்தான் இருக்கிறது.

அந்தப் பாதை ஒன்றில் நடந்தால் நான் சொல்வது புரியும். இருபுறமும் வெள்ளைச் சுவராக இருக்கும். அடுத்த திருப்பத்தில் ஒரு பக்கச் சுவர் நின்றுவிடும். அங்கே தூண்களுக்கு இடையே ஒரு மரமும் அதன் கீழே ஒரு முற்றமும் தெரியும். ஆறேழு படி இறங்கினால், சற்று முன் தலைக்கு மேல் இருந்த ஓட்டுக் கூரை இப்போது கண் மட்டத்துக்கு வரும். அதற்கு அப்பால் கடல் தெரியும். கடலை எப்போதும் காட்டிக்கொண்டே இருந்தால் இந்த உணர்வு வராது என்பது பாவாவுக்குத் தெரிந்திருக்கிறது. காட்டி, மறைத்து, மீண்டும் வேறோர் இடத்தில் காட்டுகிறார். அவருடைய கட்டடங்களைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு ஏமாற்றம் அடைபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அவர் முகப்பை வடிவமைத்தவர் என்பதைவிட, நடக்கும் வழியை வடிவமைத்தவர் என்பதே பொருந்தும். நின்ற இடத்தில் எடுக்கும் படத்தில் அது அகப்படுவதில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கடலோரமாகவே மாத்தறைக்கு ரயில் செல்கிறது. பல்கலைக்கழகம் சுற்றுலாத் தலம் அன்று; எனவே முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுவிட்டுச் செல்வது நல்லது. வகுப்பு நடக்கும் நாள்களில் போனால், கட்டடம் எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஏறி இறங்க வேண்டிய படிகள் அதிகம் என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களைக் கடற்கரையில் உட்கார வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: நான் கட்டடக் கலை மூன்றாம் ஆண்டு மாணவி. பாவா கட்டிய ஒரு வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று எங்கள் பேராசிரியர் கூறினார். அது எந்த வீடு? பார்க்க முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அது ஏனா டி சில்வாவின் வீடு. பத்திக் துணி ஓவியத்தில் இலங்கையின் முன்னோடியான ஏனாவுக்கும், அந்நாட்டின் காவல்துறைத் தலைவராக இருந்த அவருடைய கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும் கொழும்பு ஆல்ஃபிரட் பிளேஸில் 1960-62-இல் பாவா கட்டிக் கொடுத்தது. அந்நாளில் கொழும்பில் வசதியானவர்கள் வீடு கட்டினால், ஆங்கிலேயர் பங்களாவைப் போல நிலத்தின் நடுவே வீட்டை வைத்துச் சுற்றிலும் தோட்டம் போடுவார்கள். நகரம் நெருக்கமாகி, மனைகள் சுருங்கிய பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. தோட்டம் ஒடுங்கி நான்கு பக்கமும் பயனற்ற சந்தாக மாறியதுதான் மிச்சம். பாவா இதைத் தலைகீழாக மாற்றினார். மனையின் எல்லையிலேயே சுவரை எழுப்பித் தெருவுக்கு முதுகைக் காட்டிவிட்டு, திறந்த வெளியை நடுவே பெரிய முற்றமாகவும் ஓரங்களில் சிறு முற்றங்களாகவும் உள்ளே கொண்டுவந்தார். அறைகள் அந்த முற்றங்களைப் பார்த்தபடி, அகலமான தாழ்வாரங்களோடு திறந்திருக்கும். முற்றம் வைத்த வீடு தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால், அதை ஒரு நவீன நகர வீட்டுக்குரிய தீர்வாக அவர் மீட்டெடுத்ததுதான் செய்தி. இன்று கொழும்பில் கட்டப்படும் முற்ற வீடுகளுக்கெல்லாம் இது மூத்த வீடு என்று சொல்லலாம்.

பிற்காலத்தில் அந்த மனை, பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையின் கைக்குப் போனது. வீடு இடிபடும் நிலை வந்தபோது, பாவாவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை 2009-இல் அதை முழுவதுமாகப் பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் தோட்டமாகிய லுணுகங்கவில் மீண்டும் கட்டியது. தூண்கள், தூணடிக் கற்கள், கதவுகள், சாளரங்கள், தரையில் பதித்த கற்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டு எடுத்துச் சென்றார்கள். இந்தப் பணி 2016 வரை நீண்டது. அதற்குள், 2015-இல், ஏனா காலமாகிவிட்டார்.

தாங்கள் மாணவி என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அந்த வீட்டின் சுவர், நகரத்தின் இரைச்சலுக்கும் அக்கம்பக்கத்தார் பார்வைக்கும் எதிராக எழுப்பப்பட்டது. இப்போது அதே சுவர் ஒரு பெரிய தோட்டத்தின் நடுவே, மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் நிற்கிறது. கல் அனைத்தும் சரியான இடத்தில் இருந்தாலும், அந்தத் திட்டம் எந்தக் கேள்விக்கு விடையாக இருந்ததோ அந்தக் கேள்வி கொழும்பிலேயே தங்கிவிட்டது. இடிந்து போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முற்றத்தில் நிற்கும்போது, சுவருக்கு வெளியே வண்டிகள் ஓடும் தெரு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு பாருங்கள். அப்போதுதான் திட்டம் விளங்கும். முன்பதிவு செய்துகொண்டால் லுணுகங்கவைச் சுற்றிப் பார்க்கலாம். இந்த வீட்டில் விருந்தினராகத் தங்கவும் செய்யலாம்.

கேள்வி: அலுவல் காரணமாகக் கொழும்பு செல்கிறேன். ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கும். நகரத்துக்குள்ளேயே எவற்றைப் பார்க்கலாம்?
– வாசகர், சென்னை

பதில்: காலையில் பேரை ஏரியில் உள்ள சீமா மாலகத்துக்குச் சென்றுவிடுங்கள். கங்காராம விகாரையைச் சேர்ந்த இந்தத் தியான மண்டபம், ஏரிக்குள் அமிழ்ந்துபோன ஒரு பழைய கட்டடத்துக்குப் பதிலாக 1976-78-இல் கட்டப்பட்டது. பௌத்தத் தலமாகிய இதற்குப் பொருள் உதவியவர்கள், இறந்துபோன தங்கள் மகனின் நினைவாக அதைச் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்தினர். தண்ணீரின் மேல் மூன்று மேடைகள் மிதப்பதுபோல் நிற்கின்றன; அவற்றைக் குறுகிய பாலங்கள் இணைக்கின்றன. நீல ஓடு வேய்ந்த கூரையின் கீழ், மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்கள் வழியாக ஏரிக் காற்று தடையின்றி வருகிறது. அநுராதபுரத்திலும் ரிட்டிகலையிலும் உள்ள வனவாசத் துறவிகளின் பழைய மடங்களில், கல் மேடைகள் இப்படித்தான் ஒன்றோடொன்று பாலம் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். காட்டின் நடுவே இருந்த அமைப்பை நகரத்தின் நடுவே தண்ணீரில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சுற்றிலும் இப்போது வானளாவிய கட்டடங்கள் முளைத்துவிட்டதால், அதன் தாழ்ந்த கூரை முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது. வெயில் ஏறுவதற்கு முன் செல்வது நல்லது. காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும், மேடை கொதிக்கும்.

பிறகு பகதலே வீதியை ஒட்டிய 33-ஆம் ஒழுங்கையில் பாவா வாழ்ந்த 11-ஆம் எண் வீடு. முன்பதிவு இன்றிப் போக முடியாது. அடுத்தடுத்து இருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கொண்டு, பல ஆண்டுகள் இடித்தும் கட்டியும் ஒரே வீடாக்கினார். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நீளமாகச் செல்லும் வெள்ளை நடையில், ஆங்காங்கே மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழும். ஒரு சிறு நீர்த்தொட்டியின் அருகே செட்டிநாட்டுத் தூண்களைக் கண்டால் வியக்க வேண்டாம். காரைக்குடிப் பக்கம் வீடுகள் பிரிக்கப்பட்டபோது வெளியே வந்த தூண்கள் எங்கெங்கோ போயின, இவை இங்கே வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய கதவும் இங்கே இருக்கிறது.

மாலைத் தேநீருக்கு ஆல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் உள்ள கேலரி கஃபேக்குச் செல்லலாம். 1960-களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்கு வீடாகக் கட்டத் தொடங்கி, பின்னர் பாவாவின் அலுவலகமாக மாறி, இப்போது உணவகமாக இருக்கும் கட்டடம் இது. தேநீர் விலை கொஞ்சம் அதிகம்தான். நுழைவுக் கட்டணம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஹைட் பார்க் கார்னரில் உள்ள பழைய அரச ஈட்டு வங்கியின் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை வண்டியில் போகிறபோதே பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பாவா தமிழ்நாட்டில் ஏதும் கட்டியிருக்கிறாரா?
– வாசகர், மதுரை

பதில்: தங்கள் ஊரிலேயே கட்டியிருக்கிறார். கோச்சடையில் இப்போது ஹெரிடேஜ் மதுரை என்ற பெயரில் இயங்கும் விடுதிக்குள் உள்ள பழைய மதுரை கிளப் கட்டடம் அவருடையதே. 1970-களின் தொடக்கத்தில், ஆலை அதிகாரிகள் கூடிப் பொழுதுபோக்கும் மனமகிழ் மன்றமாக அது கட்டப்பட்டது. பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த கல் தூண்களையும், மதுரைச் சுற்றுவட்டாரக் கருங்கல்லையும், உள்ளூர்க் கல்தச்சர்களின் கைவேலையையும் கொண்டு அவர் இதை அமைத்தார். கொழும்பில் மெல்லிய மரத்தூண்களிலும் வெள்ளைச் சுவரிலும் செய்ததை, மதுரையில் கனத்த கல்லில் செய்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மண் மாறினால் கட்டடமும் மாற வேண்டும் என்பதை அவர் மேடையில் பேசவில்லை, இப்படிச் செய்து காட்டினார். விடுதியில் உள்ள தனி வீடுகள் பிற்காலத்தில் வேறு கட்டடக் கலைஞரால் சேர்க்கப்பட்டவை; எனவே கிளப் கட்டடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். மதிய உணவுக்குச் சென்றாலே பார்த்துவிடலாம்.

சென்னையில் கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்து விரிவாக்கும் பணியையும் அதே காலத்தில் அவர் மேற்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஹோட்டல் பலமுறை மாற்றங்களைக் கண்டுவிட்டதால், பாவாவைத் தேடி அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பாவாவைப் பற்றி எழுதுபவர்கள், அவரோடு இருபது ஆண்டுகள் பங்காளராக இருந்த பொறியாளர் கலாநிதி பூலோகசுந்தரத்தின் பெயரைச் சொல்வதே இல்லை. தாங்களும் சென்ற இதழில் சொல்லவில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இடப் பற்றாக்குறை என்று சாக்குச் சொல்லாமல், இம்முறை சொல்லிவிடுகிறேன். பாவா பணியாற்றிய எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் முதலில் அவருக்கு வலக்கரமாக இருந்தவர் டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னர். அவர் 1960-களின் பிற்பகுதியில் இலங்கையை விட்டுச் சென்ற பிறகு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாவாவின் முதன்மைப் பங்காளராக இருந்தவர் பூலோகசுந்தரம். பெந்தோட்டை ஹோட்டல் முதல் நாடாளுமன்றம், ருகுண பல்கலைக்கழகம் வரை பாவாவின் பெரிய பணிகளுள் பெரும்பாலானவை இந்தக் காலத்தவை. பாவா மனத்தில் கண்டதை நிற்க வைத்துக் கொடுத்தவர் அவர் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கூட்டுழைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் ஒருவலையில் உள்ள எஃகுக் கூட்டுத்தாபனத்தின் அலுவலகக் கட்டடத்தைச் சொல்லலாம். 1966-69-இல் கட்டப்பட்ட அது, ஆலைக்கான நீர்த்தேக்கத்தின் விளிம்பில் நிற்கிறது. ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே உள்ள மாடியைவிடச் சற்று வெளியே நீண்டு, மேலே போகப் போகத் தண்ணீரின் மேல் சாய்வதுபோல் இருக்கும். மேல் மாடி கீழ் மாடிக்குக் குடை. வெயிலும் சாரலும் உள்ளே வராது. வெளிப்புறம் முழுவதும் முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளால் ஆன திரை. ஓடும் முற்றமும்தான் பாவா என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்தால் அவருடையது என்று நம்ப மாட்டார்கள். ஆனால் மழை, வெயில், காற்று மூன்றையும் கையாளும் விதம் அதே கைதான். தொழிற்சாலை வளாகத்துக்குள் இருப்பதால் அனுமதி இன்றிப் பார்க்க இயலாது.

கேள்வி: நான் கட்டட ஒப்பந்தக்காரர். பாவா பாணியில் நாட்டு ஓடு போட்டுத் தர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். நாட்டு ஓடு ஒழுகாமல் இருக்க அவர் என்ன செய்தார்?
– வாசகர், சேலம்

பதில்: வெறும் ஓட்டை நம்பவில்லை என்பதுதான் பதில். அரைவட்ட நாட்டு ஓடு பார்க்க அழகு. பராமரிப்பதில் பெரும் தொல்லை. கூரை நல்ல சரிவாக இல்லையென்றால் தண்ணீர் உள்ளே திரும்பும். குரங்கோ பூனையோ ஓடினால் ஓடு நகரும். ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பிரித்து அடுக்க வேண்டும். பாவாவும் பிளெஸ்னரும் கண்ட வழி எளியது. கைமரத்தின் மேல் நெளி சிமென்ட் தகட்டை முதலில் போட்டுவிடுவது. அந்த நெளிவுகளின் மேல் நாட்டு ஓட்டை வரிசையாக அடுக்குவது. தண்ணீரைத் தடுப்பது தகட்டின் வேலை. வெயிலைத் தாங்குவதும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவதும் ஓட்டின் வேலை. தகட்டின் நெளிவே ஓட்டைப் பிடித்துக்கொள்வதால் அது எளிதில் சரிவதில்லை. ஓடும் குறைவாகவே தேவைப்படும். ஒன்றிரண்டு உடைந்தாலும் அறைக்குள் ஒரு சொட்டு இறங்காது. ஓடு மட்டும் வேய்ந்த கூரைக்கு வேண்டிய செங்குத்தான சரிவும் இதற்குத் தேவையில்லை என்பதால், தாழ்ந்து அகலமாக விரியும் அவருடைய கூரைகள் சாத்தியமாயின. இலங்கையில் இன்று இது ஊரறிந்த முறை; கிராமத்து மேஸ்திரிகளுக்கும் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். அவர் காலத்தில் பயன்பட்டது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தகடு; இப்போது அதைப் போடாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தகடுகள் கிடைக்கின்றன. இரண்டாவது, ஓட்டைப் போட்டுவிட்டால் பாவா பாணி ஆகிவிடாது என்பதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுவருக்கு வெளியே கூரை எவ்வளவு நீள்கிறது, அதன் கீழே உட்கார இடம் இருக்கிறதா என்பதில்தான் பாணி இருக்கிறது. மனையின் கடைசி அடி வரை அறையாக மாற்றிவிட்டு, ஓரடி நீளத்துக்கு மட்டும் ஓடு கேட்பவர்களிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

கேள்வி: மலையகத்தில் பாவாவின் கட்டடம் ஏதும் உண்டா? நாங்கள் இங்கேயே இருந்துகொண்டு கேள்விப்பட்டதில்லை.
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்களுக்குப் பக்கத்திலேயே, மஸ்கெலியாப் பகுதியில் உள்ள ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்தின் துரை பங்களா அவர் 1959-இல் கட்டியதுதான். ஆனால் தாங்கள் பயணம் செய்து பார்க்க வேண்டியது பண்டாரவளையில் உள்ள நல்லாயன் கன்னியர் மடத்தின் சிற்றாலயம். 1961-62-இல் கட்டப்பட்டது; அளவில் மிகச் சிறியது. மலைச்சரிவோடு சரிவாக, கரடுமுரடான கல்கட்டுச் சுவர்களால் எழுப்பப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தேயிலை மலைகளில் தாங்கள் அன்றாடம் பார்க்கும் கல்லணைச் சுவரின் தொடர்ச்சி என்றே தோன்றும். உள்ளே நுழைந்தால் கண் பழகச் சிறிது நேரம் ஆகும்; பெரிய சாளரங்கள் கிடையாது. மேலே எழும் கோபுரத்தின் வழியாக வெளிச்சம் பீடத்தின் மேல் இறங்குகிறது. கற்சுவரின் சொரசொரப்பில் அந்த வெளிச்சம் படும்போது ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனியாகத் தெரியும். பாவாவோடு பல பணிகளில் இணைந்த நெசவு வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனியின் பங்களிப்பும் இந்த ஆலயத்தில் உண்டு. செலவு செய்து ஆடம்பரம் காட்டாமல், கல், இருட்டு, வெளிச்சம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கட்டிய இது, என் கணக்கில் அவருடைய ஐந்து சிறந்த கட்டடங்களுள் ஒன்று. கன்னியர் வாழும் இடம் என்பதால் அனுமதி கேட்டு, வழிபாடு நடக்காத நேரத்தில், அமைதியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். பதுளை ரயிலில் பண்டாரவளையில் இறங்கலாம்.

கேள்வி: பணக்காரர்களுக்கு வீடும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஹோட்டலும் கட்டிய ஒருவரை இவ்வளவு தூக்கிப் பிடிப்பது ஏன்? கேரளத்தில் குறைந்த செலவில் வீடுகள் கட்டிய லாரி பேக்கரைப் போல எளிய மக்களுக்கு அவர் என்ன கட்டினார்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேள்வி நியாயமானது. பாவா செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். தாமும் கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் சட்டம் பயின்று, அந்தத் தொழிலில் மனம் ஒட்டாமல், 38-ஆம் வயதில்தான் முறையாகக் கட்டடக் கலைஞர் ஆனார். அந்த வயதில் தொழில் மாற்றிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவருக்குப் பணி கொடுத்தவர்களும் பெரும்பாலும் அவர் வட்டத்தைச் சேர்ந்தவர்களே. அவரை லாரி பேக்கரோடு ஒப்பிட்டால், எளியவர்களுக்கான வீடு என்ற தட்டில் அவர் பக்கம் வைக்க அதிகம் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஹங்வெல்லையில் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காகக் கன்னியர்கள் நடத்திய யஹபத் எந்தெர பண்ணைப் பள்ளியை 1965-66-இல் குறைந்த செலவில் கட்டிக் கொடுத்தவரும் அவரே. கொழும்பில் செயிண்ட் பிரிட்ஜெட் மழலையர் பள்ளியும் அவர் கட்டியதுதான். ருகுண பல்கலைக்கழகத்தில் படிக்க வருபவர்களுள் பலர் தென்னிலங்கைக் கிராமத்துப் பிள்ளைகள். கண்டலமவில் ஓரிரவுக்குப் பெரும் பணம் கொடுத்துப் பெறும் அதே நிழலும் காற்றும் இயற்கைக் காட்சியும் அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவருடைய புகழ்பெற்ற ஹோட்டல்களைத் தேடிப் போகாமல் இவற்றைப் பாருங்கள் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வதன் காரணமும் இதுவே. விருந்தினரை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் இல்லாத கட்டடங்களில்தான் அவருடைய திறமை கலப்பின்றித் தெரிகிறது.

கேள்வி: ஒரே ஓர் இரவு பாவாவின் கட்டடத்தில் தங்க வேண்டும், பெரிய ஹோட்டல் வேண்டாம். எங்கே தங்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: நிக்கவரட்டியப் பக்கம் பொலொன்தலாவை என்ற தென்னந்தோட்டத்தில் உள்ள பங்களாவை விசாரித்துப் பாருங்கள். சுவிஸ் நாட்டினரின் பௌர் நிறுவனத்துக்காக 1963-65-இல் பாவாவும் பிளெஸ்னரும் கட்டியது. யானைப் பாறைகள் சிதறிக் கிடக்கும் நிலம் அது. பங்களா கட்டுவதென்றால் வெடி வைத்துப் பாறையை அகற்றுவார்கள், அல்லது பாறை இல்லாத சமதளத்துக்குப் போவார்கள். இவர்கள் இருவரும் பாறைகளுக்கு நடுவிலேயே கம்பு நட்டுக் கயிறு கட்டி வீட்டைக் குறித்தார்கள். பாறைக்கும் பாறைக்கும் இடையே கான்கிரீட் உத்திரத்தைப் போட்டு, அதன் மேல் கூரையை இறக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் பாறையே சுவர். இரு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி நுழைந்தால்தான் வீடு இருப்பதே தெரியும். காகிதத்தில் வரைந்து நிலத்தில் பொருத்தியிருந்தால் இப்படி ஒரு வீடு வந்திருக்காது. போக்குவரத்து வசதி குறைவு, தனி வண்டி தேவைப்படும்.

கேள்வி: எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறீர்கள். எதைப் பார்க்காமல் விடலாம் என்றும் சொல்லுங்களேன்.
– வாசகி, ஈரோடு

பதில்: இந்தோனேசியாவின் பாலித் தீவில் 1970-களில் அவர் வடிவமைத்த பத்துஜிம்பர் வீடுகளை விட்டுவிடலாம், தனியார் குடியிருப்பு என்பதால், போனாலும் மதிற்சுவரைத்தான் பார்க்க முடியும்.

பெந்தோட்டையில் 1960-களின் இறுதியில் அவர் திட்டமிட்ட சுற்றுலா வளாகத்துக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். அங்கிருந்த கடற்கரை ஹோட்டலை இடித்துவிட்டு, பாவாவின் வடிவத்தையே பின்பற்றி அவருடைய சீடர் சன்ன தஸ்வத்த மீண்டும் கட்டியிருக்கிறார். 2019-இல் அது திறக்கப்பட்டது. வரவேற்புக் கூடத்தின் விதானத்தில் ஏனா டி சில்வாவின் பத்திக் துணிகள் இருந்த இடத்தில், அவற்றின் வழியில் செய்த புதிய துணிகள் இருக்கின்றன. அண்ணாந்து அந்த விதானத்தைப் பார்க்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும். அந்த ஊரின் சிறிய ரயில் நிலையமும் அதே திட்டத்தில் அடங்கியதுதான். லுணுகங்கவைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும்போது அங்கே வண்டி ஏறினால் பார்த்துவிடலாம் என்பதால், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.